மாட்டாஸ்பத்திரியில் ஒரு நாய்

செங்கோட்டைப் பக்கம் ‘கால்நடை மருந்தகம்’ என்ற பலகையை யாரும் அப்படியே வாசிப்பதில்லை. அது மாட்டாஸ்பத்திரி. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவரும் “மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்வார்.

பெயர் பொருத்தமானதுதான். வெள்ளைக்காரர் காலத்துக் கால்நடை மருத்துவம் பட்டாளத்துக் குதிரைக்காகவும் உழவு மாட்டுக்காகவும் பிறந்தது. வெக்கை நோய் வந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும்; உழவு நிற்கும்; வரி நிற்கும். 1903 அக்டோபர் 1 அன்று சைதாப்பேட்டை டாபின் ஹாலில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் கவலை மாட்டைப் பற்றித்தான். நாயை நினைத்துத் தென்னாட்டில் நடந்த பெரிய காரியம் 1907-இல் குன்னூரில் திறந்த பாஸ்டர் நிலையம் எனலாம். அதுவும் நாய்க்கு வைத்தியம் பார்க்க அல்ல, நாய் கடித்தவருக்கு.

இத்தனைக்கும் இது நாய்களின் சீமை. செங்கோட்டையிலிருந்து தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி என்று மலையை ஒட்டியே வடக்கே போனால் ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட வேட்டை நாயின் ஊர். கிழக்கே கரிசல் காட்டில் இறங்கினால் சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக முயலைத் துரத்தவே வார்த்த உடம்பு. காட்டுப்பன்றி கொம்பால் கிழித்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும். முதுகெலும்பு போய்ப் பின்னங்கால் விழுந்துவிட்டால் திண்ணையோரம் ஒரு சாக்கு, ஒரு கிண்ணம் கஞ்சி. அதற்கு மேல் யாருக்கும் வழி தெரியாது.

நாயை மதிக்காத மக்கள் அல்ல. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், எஜமானனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து நடுகல் வைத்திருக்கிறார்கள். செத்த நாய்க்குக் கல் நட்டார்கள். நொண்டும் நாய்க்குத்தான் மருந்தில்லை.

இப்போது அதற்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒன்று வந்திருக்கிறது. அதன் கதை நாயிடமிருந்தே தொடங்கியது என்பதுதான் வேடிக்கை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல், தமிழில் குருத்தணு, புது ரத்தத்தை உண்டாக்கும். 1950-களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் டானல் தாமஸ் என்ற மருத்துவர் மஜ்ஜை மாற்றும் வேலையைக் கையில் எடுத்தார். 1957-இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார். ஒருவரும் பிழைக்கவில்லை. பலர் அத்தோடு கைவிட்டார்கள். அவர் நாய்களிடம் திரும்பினார். கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்த நாய்க்கு, முன்பே எடுத்துவைத்த அதன் சொந்த மஜ்ஜையைக் கொடுத்தால் பிழைத்தது. வேற்று நாயின் மஜ்ஜை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் மாற்றியபோது சில தங்கின. ஏன் சில மட்டும்? 1963-இல் சியாட்டலுக்குப் போன பிறகு அவர் குழு விடை கண்டது: திசுவின் வகை பொருந்த வேண்டும், கூடவே மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வேண்டும். 1969-இல் அதே முறையை மனிதருக்குக் கொண்டுவந்தார்கள். 1990-இல் தாமஸுக்கு நோபல் பரிசு. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னாலும் பெயர் தெரியாத அந்த நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுகல் கிடையாது.

கடன் திரும்பி வர நாற்பது வருஷம் போலாயிற்று. அதிலும் முதல் பந்தி குதிரைக்கு! 2000-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பந்தயக் குதிரைகளின் கிழிந்த தசைநாணுக்குக் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். பிறகுதான் நாய். வேலை எளிதாகத் தோன்றும். மயக்கம் கொடுத்து, தோளுக்குப் பின்புறமோ வயிற்றிலோ கொஞ்சம் கொழுப்பை எடுப்பார்கள். நொதியில் கரைத்து, சுழற்றி, செல்களை மட்டும் அடியில் படியவைத்து, வலிக்கிற மூட்டுக்குள் ஊசியால் போடுவார்கள். இந்தச் செல்கள் தாமே குருத்தெலும்பாக மாறித் தேய்ந்த இடத்தை அடைப்பதாக முதலில் நம்பினார்கள். இப்போது அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. அவை சுரக்கும் பொருள்கள் வீக்கத்தை அடக்குகின்றன என்பதே பொதுக் கருத்து.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில் இடுப்பு மூட்டு தேய்ந்த 21 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். செல் ஏற்றப்பட்டவை குறைவாக நொண்டின. இருபத்தொன்று சின்ன எண்தான். முதுகுத்தண்டு அடிபட்ட நாய்களில் பரேலிக்குப் பக்கத்து இஸத்நகர் கால்நடை ஆய்வு நிறுவனம் செய்த முயற்சிகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நாயின் மூட்டுவலிக்கு அனுமதித்த மருந்தொன்றில் இருப்பது குதிரையின் தொப்புள்கொடிச் செல்கள். இங்கேயும் குதிரை விடவில்லை.

சைதாப்பேட்டையில் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கல்லூரியில் ஸ்டெம் செல் சிகிச்சைக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் அங்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வர வாய்ப்புள்ளவை சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் அல்ல. கொழுத்த லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும்தான் இடுப்புக் கிண்ணம் பிசகும் பரம்பரைக் கோளாறு அதிகம். 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்று, வேட்டை நாய் அருகிப்போன தெருக்களில் இப்போது நடமாடுபவை அவைதான்.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் கால்நடைக் கல்லூரி வந்த பிறகு செங்கோட்டைக்காரருக்குத் தூரம் குறைந்தது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ். ரயில்வே விதிப்படி முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூப்பே முழுவதையும் பிடித்தால் நாய் கூடவே வரலாம். முடியாதவருக்கு கார்டு வேனில் கம்பிக் கதவு போட்ட நாய்ப்பெட்டி. விடிந்தால் எழும்பூர், அங்கிருந்து வேப்பேரி கூப்பிடு தூரம்.