தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள்

பட்டணத்திலிருந்து ஆரணிக்கு வர்ற நண்பர்கள் நேரா பட்டுக்கடைக்குத்தான் போவாங்க. அரை மணி நேரம் மிச்சம் இருந்தா கோட்டை மைதானத்துக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க. சாயங்காலத்துல பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பாங்க. ஓரமா என் மகள் ஓடிக்கிட்டு இருப்பாள். ஒன்பதாவது படிக்கிறாள். 800 மீட்டர் ஓட்டம்.

இந்த ஊர்ப்பக்கம் ரெண்டு பெரிய சண்டை நடந்திருக்கு. 1751 டிசம்பர் 3ஆம் தேதி, ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்து வெளியே வந்த ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு ராசா சாகிப்பையும் அவருக்குக் கைகொடுத்த பிரெஞ்சுக்காரர்களையும் இங்கேதான் தோற்கடித்தார். அப்புறம் 1782 ஜூன் 2ஆம் தேதி, ஹைதர் அலி படையும் அயர் கூட் படையும் மோதின. இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. எங்க வீட்டுத் தறியோட கதை எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. அதனால நானே எழுதி வைக்கிறேன்.

எங்க பக்கத்துல நிலமும் தறியும் சேர்ந்தே இருக்கிற வீடுகள் நிறைய. தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம்னு எந்தப் பக்கம் போனாலும் தறிச்சத்தம் கேட்கும். மழை பெய்தா நெல்லும் மல்லாட்டையும் போடுவோம். ஏமாத்தினா தறிதான் சோறு போடும். நான் பொறந்தது 1979ல். அப்பா காலையில ஏர் ஓட்டிட்டு வந்து, மத்தியானத்துக்கு மேல தறிக்குழியில இறங்குவார்.

நீங்க கல்யாணத்துக்கு எடுக்கிற கோர்வைப் பட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டும் சேர்ற இடத்துல பிசிறே இருக்காது. அதுக்கு மூணு நாடா வேணும். உடலுக்கு ஒண்ணு, ரெண்டு கரைக்கும் ஒவ்வொண்ணு. ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலும் கரை நூலும் கைகோர்த்துத்தான் திரும்பணும். ஒரு ஆளால அகலம் முழுக்க எட்டிப் போட முடியாது. அந்தப் பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் உட்காரணும். அந்த ஆளுக்குக் கூலி கொடுத்தா நெசவாளிக்கு மிஞ்சாது. அதனால பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தது அந்த வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டில் நான்.

1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு சொன்ன தொழில்களில் துணி நெசவும் இருந்தது. ஆனா சொந்தக் குடும்பத்தோட சேர்ந்து செய்யற வேலைக்கு அப்போ விலக்கு இருந்தது. எங்க வீட்டுத் தறி அந்த விலக்குக்குள்ள வசதியா உட்கார்ந்துக்கிச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் தெருவுல பசங்க கோலி ஆடற சத்தம் கேட்கும். நான் நாடாவைத் தள்ளிக்கிட்டு இருப்பேன். அப்பா மேல கோபம் இல்ல. முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் எங்க எல்லாரையும் அந்தக் குழியிலேயே உட்கார வெச்சிருந்தது.

இதை எழுதக் காரணம், போன தை மாசம் நானும் அதையே செஞ்சேன். முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டு நெருக்கினாங்க. கூட உட்கார்ற என் சம்சாரத்துக்குக் காய்ச்சல். மகளைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் ஓட்டம் வேணாம், வந்து உட்காரும்மா"ன்னேன். அவ மறுபேச்சு பேசல. ரெண்டாவது நாள் நாடாவைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாள்: "நீ இங்க உட்கார்ந்தப்போ எத்தனாவதுப்பா படிச்ச?"

நாலாவதுன்னு சொன்னேன். அதுக்கு மேல அவளும் கேக்கல, என்னாலும் நெய்ய முடியல. அன்னிக்கே மைதானத்துக்கு அனுப்பிட்டேன். சேலை எட்டு நாள் தள்ளிப் போச்சு. கூலியில கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாங்க.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லாருக்கும் தெரியும். அவங்க அப்பா விசைத்தறிக் கூலி, அம்மா ரோட்டோரக் கடை. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துல ஆடின பையன். 2015ல ரஞ்சிப் போட்டியில இறங்கின உடனே, பந்து வீசற விதம் சரியில்லன்னு புகார் வந்தது. கையை மாத்திப் பழகித் திரும்பி வந்தார். 2020 கடைசியில வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணு வகைப் போட்டியிலயும் அந்த ஒரே பயணத்துல அறிமுகம் ஆனார். கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னதான் மகள் பொறந்திருந்தா. 2021 ஜனவரியில ஊர் திரும்பின பிறகுதான் பார்த்தார். இப்போ அவர் ஊர்லயே ஒரு மைதானம் கட்டியிருக்கார்.

இந்தக் கதையை மகள்கிட்ட "நீயும் அப்படி ஆகணும்"னு சொல்லல. என்னைத் தொட்டது அந்த அப்பா அம்மா. தறிக்கூலி வாங்கற வீட்டுல ஒரு பையன் சாயங்காலம் பந்து போடப் போறான்னா, ஒரு ஆள் வருமானத்தை அந்த வீடு விட்டுக்கொடுக்குதுன்னு அர்த்தம். அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும்.

போன மாசப் போட்டியில மகள் நாலாவது வந்தாள். பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தாள். நான் எதுவும் சொல்லல, வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு, நான் தண்ணி பாய்ச்சக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாள்.

இப்போ கோர்வை நெய்யும்போது அந்தப் பக்கம் சம்சாரம் உட்கார்றாங்க. அவங்களுக்கு முடியாத நாள்ல கரை உடலோட சேர்ந்த சாதாப் புடவைதான். கூலி குறைவு, பரவாயில்ல. அடுத்த முறை பட்டு எடுக்கும்போது கரையும் உடலும் சேர்ற இடத்தை ஒரு தரம் விரலால தடவிப் பாருங்க. அங்க ரெண்டு ஆளோட கை இருக்கு.