சிறிய தாய், பெரிய பிள்ளை: உயரமும் பிள்ளைப்பேறும் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

மகப்பேறு வார்டு வராந்தாவில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "ஆளே இத்தனூண்டு, மூணே முக்கால் கிலோ பிள்ளையைச் சுகப்பிரசவத்துல பெத்துட்டா!" இன்னொன்று, "பொண்ணு குட்டை, பிள்ளை பெருசு, எலும்பு வழி விடாது, ஆபரேஷன்தான்." இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள். தாயின் உயரமும் பிள்ளையின் எடையும் தெரிந்தால் பிரசவம் எப்படி முடியும் என்று சொல்லிவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை. இவ்விரு எண்களை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது மிகக் குறைவு என்பது இக்கட்டுரையின் வாதம். தாய் ஏன் சிறியவளானாள், பிள்ளை ஏன் பெரிதானது என்ற இரண்டு காரணங்களும் தெரிந்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் அளவுகள். இந்தியப் பொதுச் சுகாதார வழிகாட்டுதல்களில் 140 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரமுள்ள தலைப்பிரசவப் பெண் 'ஆபத்துக் கர்ப்பம்' என்ற பட்டியலில் வருவாள். சில பாடநூல்கள் 145 செ.மீ. என்று வரம்பை உயர்த்தும். இந்தியப் பெண்ணின் சராசரி உயரமே சுமார் 152 செ.மீ.தான். பெரிய பிள்ளை என்பதற்கு மேலைநாட்டு வரம்பு 4 கிலோ, சிலருக்கு 4.5 கிலோ. நம் ஊர்ப் பிள்ளைகளின் சராசரி 3 கிலோவைத் தொடாத நிலையில் அந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது. 148 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு மூன்றரைக் கிலோ பிள்ளையே பெரிய பிள்ளைதான். ஆகவே 'பெரிய' என்பதைத் தாயோடு ஒப்பிட்டுச் சொல்லும் சொல்லாகவே இங்கு கையாள்கிறேன்.

2. அச்சம் எங்கிருந்து வந்தது

குட்டையான பெண்ணின் பிரசவம் பற்றிய மருத்துவ அச்சம் ஐரோப்பாவில் உருவானது. அதன் மூலக் கதை 1670இல் பாரிஸில் நடந்தது. பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸ் கரண்டியைத் தலைமுறை தலைமுறையாக இரகசியமாகக் காத்துவந்த சேம்பர்லென் குடும்பத்தின் ஹியூ சேம்பர்லென், அந்த இரகசியத்தை விற்க இலண்டனிலிருந்து அங்கே போனார். புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் ஃபிரான்சுவா மோரிசோ ஒரு சோதனை வைத்தார். 38 வயது, தலைப்பிரசவம், மிகக் குள்ளமான உருவம், எலும்பு வளைந்த இடுப்பு, எட்டு நாளாக வலி. இந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க முடியாது என்று மோரிசோ கைவிட்டிருந்தார். கால்மணி நேரம் போதும் என்று உள்ளே போன சேம்பர்லென் மூன்று மணி நேரம் போராடித் தோற்று வெளியே வந்தார். தாயும் பிள்ளையும் இறந்தார்கள். கர்ப்பப்பை கிழிந்திருந்ததைப் பிணப் பரிசோதனையில் மோரிசோ கண்டார்.

அதே பாரிஸில் 1777இல் ழான் ரெனே சிகோல், நான்கு பிள்ளைகளையும் பிரசவத்தில் பறிகொடுத்திருந்த சூஷோ என்ற குள்ளமான பெண்ணுக்கு, முன்னிடுப்பு எலும்புகள் கூடும் குருத்தெலும்பை வெட்டி வழியை அகலப்படுத்தினார். ஐந்தாவது பிள்ளை உயிரோடு பிறந்தது. மருத்துவப் புலம் பதக்கம் அடித்துக் கொண்டாடியது. அந்தப் பெண்ணோ சிறுநீர் கசியும் புண்ணோடும் தடுமாறும் நடையோடும் எஞ்சிய காலத்தைக் கழித்தாள். பதக்கத்தைப் பற்றி எழுதும் நூல்கள் அவள் நடையைப் பற்றி ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும். 1888இல் கிளாஸ்கோவில் மர்டாக் கேமரன் நான்கடிக்கும் குறைவான உயரமுள்ள 27 வயதுப் பெண்ணுக்குச் சிசேரியன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். அந்தப் பிள்ளைக்குச் சீசர் கேமரன் என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த மூன்று பெண்களுக்கும் பொதுவானது ரிக்கெட்ஸ். சிறுவயதில் வைட்டமின் டி இல்லாமல் எலும்பு இறுகாமல் போக, உடலின் பாரம் தாங்காமல் இடுப்பெலும்பு முன்பின்னாக அமுங்கிவிடும். புகையும் இருட்டுச் சந்துகளும் நிறைந்த தொழில் நகரங்களில் வெயில் படாமல் வளர்ந்த ஏழைப் பெண்களின் நோய் அது. அவர்களுடைய குட்டை உருவமும் குறுகிய வழியும் ஒரே நோயின் இரண்டு விளைவுகள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அல்ல. ஆனால் மருத்துவர்கள் கண்ணில் முதலில் பட்டது உயரம்தான். 1919 வாக்கில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் சோதனை செய்து மீன் எண்ணெயின் சத்தை நிறுவிய பிறகு ரிக்கெட்ஸ் மெல்ல ஓய்ந்தது. அச்சம் மட்டும் பாடநூலில் தங்கிவிட்டது.

அந்த அச்சம் பெற்ற ஒரு பிள்ளை உணவுக் கட்டுப்பாடு. 1889இல் ஹாம்பர்க் நகரின் லுட்விக் ப்ரோகோவ்னிக், குறுகிய இடுப்புள்ள பெண்களுக்குக் கடைசி வாரங்களில் மாவுச்சத்தையும் தண்ணீரையும் குறைத்துப் பிள்ளையைச் சிறிதாக்க ஒரு பத்தியம் வகுத்தார். தென்னிந்தியாவிலும் பல இடங்களில், நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று கர்ப்பிணிகள் சோற்றைக் குறைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் பயன் உண்டா? 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ஜெர்மானிய முற்றுகையால் பஞ்சம் வந்தது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்காத நாட்கள் அவை. கடைசி மூன்று மாதத்தை அதில் கழித்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் குறைந்த எடை சுமார் 300 கிராம்தான். ஊரே பட்டினி கிடந்து கண்ட பலன் அவ்வளவு. மருமகளின் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றை எடுத்து வழியை அகலமாக்க முடியாது. இரத்தசோகையைத்தான் வளர்க்க முடியும்.

3. கருப்பை போடும் கட்டு

சிறிய தாயின் வயிற்றில் பிள்ளை எவ்வளவு வளரலாம் என்பதை ஓரளவு தாயின் உடலே முடிவு செய்கிறது. 1938இல் கேம்பிரிட்ஜின் ஆர்தர் வால்டனும் ஜான் ஹாமண்டும் வெளியிட்ட சோதனை இதற்கு அடிப்படை. பாரவண்டி இழுக்கும் பேருருவ ஷயர் குதிரையையும் இடுப்பளவே உயரமுள்ள ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் வழியாக இருவழியிலும் கலந்தார்கள். இரண்டு வகைக் குட்டிகளுக்கும் கிடைத்த மரபுக் கலவை ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஷயர் தாயின் குட்டி, ஷெட்லாண்ட் தாயின் குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையில் பிறந்தது. மட்டக்குதிரை, தந்தை எத்தனை பெரிய குதிரையானாலும், தன் வழிக்கு அடங்கிய குட்டியையே ஈன்றது. கருமுட்டை தானம் பெற்ற பெண்களிடமும் இதே போக்கு தெரிந்தது. பிள்ளையின் எடை, முட்டை கொடுத்தவளின் எடையைவிடச் சுமந்தவளின் எடையோடுதான் ஒத்துப்போனது.

அப்படியானால் ஆறடிக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட நாலே முக்கால் அடிப் பெண் கவலைப்படவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. கட்டு முழுமையானதல்ல. கருவை வளர்க்கும் ஐஜிஎஃப்-2 என்ற மரபணுவில் தந்தை தந்த பிரதிதான் வேலை செய்யும். தாய் தந்தது அடங்கியிருக்கும். தந்தைவழி மரபு பிள்ளையைப் பெரிதாக்கப் பார்க்கிறது, தாய்வழி மரபு கட்டுப்படுத்தப் பார்க்கிறது என்று டேவிட் ஹெய்க் இதை விளக்கினார். 2011இல் கெர்ட் ஸ்டுல்ப்பும் சகாக்களும் பிரிட்டிஷ் குடும்பங்களின் தரவை ஆராய்ந்து, கணவன் மனைவி உயர வேறுபாடு கூடக்கூட அவசர சிசேரியன் தேவையும் கூடுவதைக் காட்டினார்கள். இந்த விளைவு உண்மைதான். ஆனால் பொருத்தம் பார்க்கும் கட்டத்தில் இதையும் சேர்த்துவிடும் அளவுக்குப் பெரிதல்ல.

4. இடுப்பின் வடிவம்

நிமிர்ந்து நடக்க இடுப்பு குறுகியது, மூளை பெருத்ததால் தலை பெரிதானது, இரண்டுக்கும் நடுவில் பெண் மாட்டிக்கொண்டாள் என்ற விளக்கத்தை 1960இல் ஷெர்வுட் வாஷ்பர்ன் பிரபலமாக்கினார். இது முழுக் கதையல்ல. 2015இல் பார்பரா ஃபிஷரும் பிலிப் மிட்டரோக்கரும் எலும்புக்கூடுகளை அளந்து இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். தலை பெரிதாக உள்ள பெண்ணுக்கு, பெரிய தலையுள்ள பிள்ளைக்கு ஏற்ற இடுப்பு வடிவமும் சேர்ந்தே அமைகிறது. குட்டையான பெண்ணுக்கு இடுப்பின் வாய் கூடுதல் வட்டமாக இருக்கிறது, அதாவது தலை புகுவதற்கு வாகாக. மரபால் குட்டையானவளுக்கு இயற்கை ஈடு செய்து கொடுத்திருக்கிறது.

சத்துக் குறைவால் குட்டையானவளுக்கு அந்த ஈடு முழுமையாகக் கிடைப்பதில்லை. உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு பதின்பருவத்தின் கடைசிவரை விரிந்துகொண்டிருக்கும். பாலும் பருப்பும் முட்டையும் இல்லாமல் வளர்ந்து, அந்த விரிவு முடியும் முன்னே கல்யாணம் ஆகித் தாயாகும் பெண்ணிடம், தன் மரபு அனுமதித்த அளவுக்குக்கூட இடுப்பு வளர்ந்திருக்காது. ஒரே 145 செ.மீ. உயரத்தில் நிற்கும் இரு பெண்களில் ஒருத்திக்கு அம்மா, பாட்டி எல்லோரும் அதே உயரம். இன்னொருத்தி தன் தங்கையைவிட ஒரு சாண் குறைவு. அளவுகோல் இருவரையும் ஒன்றாகக் காட்டும். பிரசவம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

5. சர்க்கரை

இன்றைய தமிழ்நாட்டுக்கு இந்த ஆய்வில் முக்கியமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. மேலே சொன்ன கருப்பையின் கட்டை உடைப்பது கர்ப்பகாலச் சர்க்கரை. 1950களில் கோபன்ஹேகனின் யோர்கன் பெடர்சன் அதன் இயக்கத்தை விளக்கினார். தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். அது பிள்ளையைக் கொழுக்க வைக்கும். கொழுப்பு சேர்வது தோளிலும் மார்பிலும் வயிற்றிலும். தலை பெரிதாவதில்லை. எனவே மூன்றே முக்கால் கிலோ பிள்ளைகள் எல்லாம் ஒன்றல்ல. மரபால் பெரிதான பிள்ளைக்குத் தலைதான் பெரிய பகுதி. தலை வந்தால் உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சர்க்கரையால் பெருத்த பிள்ளைக்குத் தலை வந்த பிறகு தோள் மாட்டும்.

இந்தியப் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் அந்த எடையில் கொழுப்பின் பங்கு அதிகம் என்று புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டியிருக்கிறார். சிறுவயதில் சத்துக் குறைவு, வளர்ந்தபின் மாவுப்பண்டமும் இனிப்பும், உடல் பருமன், கர்ப்பத்தில் சர்க்கரை. ஒரே பெண்ணின் வாழ்வில் இவை அடுத்தடுத்து வரும்போது குறுகிய வழியும் பெருத்த பிள்ளையும் ஒரே உடலில் சந்திக்கின்றன. பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஜொனாதன் வெல்ஸ் 2017இல் இதையே புதிய பிரசவச் சிக்கல் என்று எச்சரித்தார். வளரும் நாடுகள் அனைத்துக்கும் சொன்னதானாலும் நம் ஊரைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கிறது.

இதற்கு மருந்தும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா முன்னெடுத்த பரிசோதனை மிக எளிது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கி 2007இல் ஆணையிட்டது தமிழ்நாடு. சோற்றைப் பட்டினியாகக் குறைப்பதற்கும், சர்க்கரை ஏறாதபடி உணவைப் பிரித்துச் சாப்பிடுவதற்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவதில் தாய்க்கும் சத்து குறையாது, பிள்ளையின் தோளும் பெருக்காது.

6. பிரசவ அறையில்

முன்கூட்டி அளப்பதில் எல்லை உண்டு. ஸ்கேன் சொல்லும் எடையில் பத்து சதவீதத்துக்கு மேலும் பிழை வரலாம். மூன்றரைக் கிலோ என்று அறிக்கை சொன்னால் பிள்ளை 3.15 ஆகவும் இருக்கலாம், 3.85 ஆகவும் இருக்கலாம். இடுப்பு எக்ஸ்ரே எடுத்துக் கணித்த காலமும் போய்விட்டது. பிள்ளையின் மண்டையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொடுக்கும், தாயின் மூட்டுகள் இளகிக் கொடுக்கும், நிற்பதும் குந்துவதும் வழியைக் கொஞ்சம் மாற்றும். அசையும் இரண்டு பொருள்களை அசையாத படத்தால் அளக்க முடியாது. ஆகவேதான் தலையே சிறந்த அளவுகோல் என்பது மகப்பேறு மருத்துவர்களின் பழைய முடிவு. வலி வந்த பிறகு தலை எவ்வளவு இறங்குகிறது, கருப்பை வாய் எவ்வளவு திறக்கிறது என்று மணிக்கு மணி கோடு போட்டுப் பார்க்கும் பார்ட்டோகிராஃப் வரைபடத்துக்கு, 1972இல் எச்சரிக்கைக் கோட்டையும் செயல்கோட்டையும் சேர்த்த ஃபில்பாட்டும் காஸிலும், ஆப்பிரிக்காவின் ரொடீசியாவில் குறுகிய இடுப்புள்ள பெண்களை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவே அதை வடிவமைத்தார்கள்.

தோள் மாட்டுவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏறத்தாழ பாதி நிகழ்வுகள் 4 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளிடமே நடக்கின்றன. தலை வெளியே வந்து, மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் ஒட்டி நிற்கும். அதுதான் அடையாளம். உடனே இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து, தாயின் முழங்கால்களை அவள் மார்புப் பக்கம் நன்றாக மடக்க வேண்டும். மூன்றாமவர் அடிவயிற்றில், முன்னிடுப்பு எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மேல்வயிற்றில் அழுத்தவே கூடாது, தலையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. கழுத்து நரம்பு அறுந்து கை விளங்காமல் போகும். முழங்கால்களை மடக்கும் மெக்ராபர்ட்ஸ் முறை என்ற இந்தச் சிறு மாற்றத்தில் இடுப்பு சாய்ந்து பல பிள்ளைகள் அந்த நிமிடத்திலேயே வந்துவிடும். எல்லா நர்சுகளும் மாதம் ஒருமுறை பொம்மையை வைத்துப் பழக வேண்டிய வேலை இது.

7. தீர்ப்பு

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, பிள்ளை பெரிது என்ற ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே அறுவையைப் பரிசீலிக்கச் சொல்வது, மதிப்பிட்ட எடை சர்க்கரை உள்ள தாய்க்கு 4.5 கிலோ, இல்லாதவருக்கு 5 கிலோ ஆகும்போதுதான். நம் பெண்களின் உயரத்துக்கு அவ்வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றே கால் கிலோவையும் 'பெரிய பிள்ளை' என்று எழுதித் தேதி குறிப்பதற்கு அதில் இடமில்லை. தேவைப்படும் பெண்ணுக்குச் சிசேரியன் உயிர் காக்கும். 1670இல் அந்தப் பாரிஸ் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அதுதான். தேவையா என்பதை உயரக்கோல் தீர்மானிக்கக் கூடாது என்பதே வாதம்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவர் குட்டையோ நெட்டையோ, முதல் பரிசோதனையிலும் பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் குளுக்கோஸ் சோதனை நடந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.