பட்டை உரித்தவர்கள் காக்கும் காடு

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோகம் நெல் விளைகிறது. அந்த வயல்களுக்கு வரும் தண்ணீர், மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடிக் காட்டில் பெய்து தேங்கும் மழை. மடை திறந்து நீர் பாய்ச்சி வளர்ந்தவன் நான். அந்தக் காட்டை நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அதன் கதையை எங்கள் ஊரில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கோடு முடித்துவிடுவார்கள். அணைக்குப் பிறகு அந்தக் காடு எப்படிப் பிழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1895இல் அணை கட்டி முடிந்தபோது பெரியாற்றுப் பள்ளத்தாக்கு காட்டோடு மூழ்கியது. நின்றபடியே பட்டுப்போன மரங்கள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. ஏரியைச் சுற்றியிருந்த காட்டை 1899இல் காப்புக்காடு ஆக்கினார்கள். மலைச்சரிவுகளில் தேயிலையும் ஏலமும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1933இல் திருவிதாங்கூர் அரசு எஸ்.சி.எச். ராபின்சனை வனவிலங்குக் காப்பாளராக நியமித்தது. அடுத்த ஆண்டே நெல்லிக்காம்பட்டி சரணாலயம் பிறந்தது. 1950இல் அது பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாக விரிந்தது; 1978இல் புலிகள் காப்பகம் ஆனது.

சட்டம் வளர வளர, காட்டோடு வாழ்ந்தவர்கள் அதற்கு வெளியே தள்ளப்பட்டார்கள். உள்ளே குடியிருந்த பழங்குடிகளான மன்னான்களும் பளியர்களும் 1940களில் குமுளி ஓரத்துக்கு மாற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த இடத்திலும் தேன் எடுத்த இடத்திலும் அவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டி வந்தது. ஆனால் அடுப்புக்கு விறகும் கூரைக்குப் புல்லும் வேண்டுமே. எங்கள் பக்கத்து மாடுகளுக்கும் மேய்ச்சல் வேண்டுமே. எல்லாம் கள்ளத்தனமாக நடந்தன. காட்டிலாகாவும் ஊரும் ஒன்றையொன்று எதிரியாகவே பார்த்தன.

அந்தக் கள்ளத் தொழில்களில் பெரியது பட்டை உரிப்பது. வயணா என்று அங்கே சொல்லும் காட்டு இலவங்க மரத்தின் பட்டைக்கு மசாலா வியாபாரத்தில் நல்ல கிராக்கி. நாலைந்து பேராகக் காட்டுக்குள் போவார்கள். அரிசியோடு போய் நாள்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால், வேருக்கு இறங்க வேண்டிய சத்து இறங்காது. மரம் நின்ற இடத்திலேயே சாகும். உரித்த பட்டையைக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாக வெளியே கொண்டுவருவார்கள். வாங்குகிற வியாபாரிக்கு லாபம், சுமந்தவனுக்குக் கூலி. பிடிபட்டால் கேஸ். ஜாமீனுக்கு வாங்கிய கடனை அடைக்க மறுபடியும் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

1996இல் உலக வங்கியின் உதவியோடு பெரியாற்றில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாட்டில் ஏழு காடுகளில் நடந்த திட்டம் அது. பெரியாற்று அதிகாரிகள் பட்டை உரித்தவர்களையே கூப்பிட்டுப் பேசினார்கள்: தொழிலை விடுங்கள், வழக்குகளைக் கைவிடுகிறோம், காட்டைக் காட்டும் வேலையை உங்களுக்கே தருகிறோம். திருடன் கையில் சாவியைக் கொடுக்கிறார்களே என்று பலர் சொல்லியிருப்பார்கள். 1998இல் இருபத்துமூன்று பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். புலித்தடம் என்னும் நடைப்பயணம் அவர்களோடுதான் தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய பயணிகள், அவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். ஒன்றிரண்டு இரவுகள் காட்டுக்குள் கூடாரத்தில் தங்கலாம். கட்டணம் குழுவுக்கு வரும்.

அந்தப் பாதையில் நானும் நடந்திருக்கிறேன். அட்டைக்கு முழங்கால்வரை துணியுறை கட்டிக்கொண்டு, மிளாவின் குளம்படி பதிந்த சேற்றைத் தாண்டிப் போனோம். முன்னால் போன வழிகாட்டி ஒரு பாறை இடுக்கில் குனிந்து சாம்பலைக் கிளறினார். “பழசு அண்ணே, மழைக்கு முந்தினது” என்றவர், சுற்றிலும் ஒடிந்த கிளை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே நகர்ந்தார். அவர் அங்கே காவல் சுற்றிக்கொண்டிருந்தார்; அந்த ரோந்துக்கு ஆகும் செலவைத்தான் பயணி கட்டணமாகக் கொடுக்கிறான். திருடர்கள் எந்த ஓடையோரம் ஒதுங்குவார்கள், எந்த வழியாகச் சுமை இறக்குவார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மற்றக் கடத்தல் கும்பல்களை வனத்துறை பிடிக்கவும் இவர்கள் தந்த தகவல்தான் உதவியது.

ஒரு குழு உருப்பட்டதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மன்னான்களும் பளியர்களும் வழிகாட்டிகள் ஆனார்கள். முன்பு மாடு மேய்த்த தமிழர்களுக்கும் ஒரு குழு அமைந்தது. படகுத்துறையில் நெரியும் கூட்டத்தை விட்டு விலகி, மூங்கில் தெப்பத்தில் ஓசையில்லாமல் ஏரியைச் சுற்றும் பயணமும் வந்தது. 2002இல் காட்டோரப் பெண்கள் வசந்தசேனை என்று அணி திரண்டார்கள். சந்தன மரங்கள் நிற்கும் பகுதியை, சம்பளமே இல்லாமல், முறைவைத்து நடந்து காக்கிறார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இவர்களைத்தான்.

பயணத்தில் பொறுப்பு என்பது குப்பை போடாமல் வருவதோடு முடிந்துவிடாது. அதையும் செய்ய வேண்டும். சித்ரா பௌர்ணமி அன்று ஒரே நாள் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியங்குடிப் பாதையில் ஏறும் நம்மவர்கள், பிளாஸ்டிக் இல்லாமல் போய்வரப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது. நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? அந்தக் காட்டை அழிக்கவும் காக்கவும் வல்லவர் கைக்குப் போனால், காடு நிற்கும். பெரியாறு காட்டிய பாடம் இதுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2021இல் மலையின் எங்கள் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மலைமாடு மேய்த்தவர்கள் காட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். பளியர்கள் கூலி வேலை தேடுகிறார்கள். எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, யானை எந்தக் கணவாயில் இறங்கும் என்று அறிந்தவர்கள் இவர்கள். மேகமலையில் விடுதிகளும் வண்டிகளும் பெருகுவதற்கு முன்பே, காட்டைக் காட்டும் வேலையும் காக்கும் வேலையும் இவர்களிடம் சேர வேண்டும். பெரியாற்றில் 1998இல் செய்ததை இங்கேயும் செய்யலாம். மேகமலைக்குப் போகிறவர்கள் போய் இறங்கியதும் உள்ளூர் வழிகாட்டி யார் என்று கேளுங்கள். பலர் கேட்டால்தான் அப்படி ஓர் ஏற்பாடு பிறக்கும்.