குலம் மறைந்தது, பாட்டு நின்றது

அரசரைப் பாடிய புலவர் எல்லா நாட்டிலும் உண்டு. முடிசூடாத ஒருவரின் வாழ்வை 19,214 அடிகளில் பாடிய பழைய பிரெஞ்சு நூலொன்று இங்கிலாந்து வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது. அதன் தலைவர் வில்லியம் மார்ஷல். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் மொழியையும் மரபையும் தாங்கிய பிரபுக் குடியில், ஏறத்தாழ 1147இல், ஜான் மார்ஷலின் இளைய மைந்தருள் ஒருவராகப் பிறந்தவர்.

1152இல் நியூபரிக் கோட்டையை ஸ்டீபன் மன்னர் முற்றுகையிட்டபோது சிறுவன் வில்லியம் பிணையாக ஒப்படைக்கப்பட்டான். தந்தை சொல் தவறினார். மகனைத் தூக்கிலிடுவோம் என்ற மிரட்டலுக்கும் அசையவில்லை. இதனினும் நல்ல பிள்ளைகளைப் பெறத் தம்மால் இயலும் என்று விடையனுப்பினாராம். மன்னருக்கோ மனம் வரவில்லை. கூடாரத்தில் புல்தண்டுகளைப் போர்வீரராக வைத்து அச்சிறுவனோடு அவர் விளையாடியதாக நூல் கூறுகிறது.

இளைய மகனுக்கு நிலமில்லை, வாளே உடைமை. நார்மண்டியில் பயின்று வீரரான வில்லியம், குதிரைவீரர் போட்டிகளில் புகழீட்டினார். தோற்றவரின் குதிரையும் மீட்புப் பணமும் வென்றவர்க்குரியவை. செல்வம் அவ்வழியே வந்தது. இரண்டாம் ஹென்றியின் மூத்த மகனுக்கு வழிகாட்டியாக இருந்து, அவ்விளவரசர் 1183இல் இறந்தபின் அவர் நேர்ந்த புனிதப் பயணத்தைத் தாமே மேற்கொண்டார். 1189இல் தந்தையை எதிர்த்து வந்த ரிச்சர்டின் குதிரையைக் கொன்று அவரைத் தடுத்தார். அந்த ரிச்சர்டே அரசரானதும், பழி கொள்ளாமல், இசபெல் டி கிளேரை அவருக்கு மணம் முடித்தார். இசபெல், அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னருடைய மகள்வழிப் பெயர்த்தி. அவர் கொணர்ந்த நிலங்களே மார்ஷல் குடும்பத்தின் பெருமைக்கு அடிப்படை. ஐந்து ஆண்மக்களும் ஐந்து பெண்மக்களும் பிறந்தனர்.

1216இல் ஜான் மன்னர் இறந்தபோது வாரிசுக்கு வயது ஒன்பது. நாட்டின் பெரும்பகுதி பகைவர் கையில். எழுபதை நெருங்கிய மார்ஷல் ஆட்சிப் பொறுப்பேற்றார். மகா சாசனத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். 1217இல் லிங்கன் போரில் தாமே முன்னின்று வென்றார். 1219 மே 14இல் காலமாகி, லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கமானார்.

மூத்த மகன் வில்லியம் தந்தையின் வாழ்வைப் பாடுவித்தார். பாடியவர் ஜான் என்பதன்றி வேறொன்றும் அறியோம். செய்ந்நன்றிப் பாட்டு ஆதலின், சொல்லத் தகாதவை எனக் கருதியவற்றை அவர் கடந்து செல்கிறார். மகா சாசனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புரவலரின் நிழலில் பாடும் கவிஞர் எதைப் பாடினார் என்பதோடு எதை விடுத்தார் என்பதும் வரலாறாகிறது.

குலமோ நெடுநாள் நிற்கவில்லை. 1231, 1234, 1241 ஆகிய ஆண்டுகளில் மூவரும், 1245இல் இருவருமாக ஐந்து மைந்தரும் முறைப்படியான வாரிசின்றி மறைந்தனர். அவர்களுள் கில்பர்ட் உயிரிழந்தது, தந்தைக்கு வாழ்வளித்த அதே குதிரைவீரர் போட்டியில். நிலங்கள் பெண்வழியினர்க்குப் பங்காயின. ஆயினும் அப்பெண்வழியில்தான் ஸ்காட்லாந்தின் மன்னர் ராபர்ட் புரூஸ் தோன்றினார்.

பாட்டும் நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்தது. 1861இல் லண்டன் ஏலமொன்றில் அதன் ஒரே கையெழுத்துப் படியைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் பால் மேயர், அது கைமாறிப் போனபின் இருபதாண்டுகள் தேடி, 1881இல் மீண்டும் கண்டார். 1891 முதல் 1901 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1941இல் குண்டுவீச்சு கல்லறைச் சிற்பத்தைச் சிதைத்தது. புல்தண்டு வீரரோடு விளையாடிய சிறுவன், அப்பெயர் மட்டுமே அறியப்பட்ட புலவனின் அடிகளில் சிதையாமல் இருக்கிறான்.