ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம்?

2025 மே 13ஆம் தேதி மாலை எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் அன்றுதான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு பெண் துணிந்து கொடுத்த புகார் அது. உள்ளூர் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., பிறகு சி.பி.ஐ. என்று கை மாறி, ஆறு வருஷம் கழித்து முடிவுக்கு வந்தது. ஒன்பது பேரும் குற்றவாளிகள். ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை. அதிலும் ஒருவருக்கு ஒரு ஆயுள், இன்னொருவருக்கு ஐந்து ஆயுள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

மகாலிங்கபுரம் பக்கம் என்னோடு நடைக்கு வரும் நண்பர் கேட்டார்: "ஏனுங்க, மனுசனுக்கு இருக்கறது ஒரே ஒரு ஆயுள்தானுங்க? அஞ்சு ஆயுள எப்படீங்க அனுபவிப்பான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் முடித்துவிட்டார்: "அட நீங்க வேற. பதினாலு வருசத்துல எல்லாம் வெளிய வந்துருவானுங்க."

இரண்டுமே நியாயமான பேச்சுத்தான். ஆனால் இரண்டுக்கும் பதில் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக் கதையும் இருக்கிறது.

முதலில் அந்தப் பதினாலு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1860இல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆயுள் சிறை என்ற தண்டனையே கிடையாது. 'ஆயுளுக்கும் நாடு கடத்தல்' என்றுதான் இருந்தது. நம் பெரியவர்கள் தீவாந்திரம் என்பார்களே, அதுதான். அந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இப்படித் தண்டிக்கப்பட்டவனின் தண்டனையை 14 ஆண்டுக்கு மேற்படாத சிறைவாசமாக மாற்ற அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. மாற்றலாம் என்றதே தவிர, மாற்றியாக வேண்டும் என்று சொல்லவில்லை. 57ஆம் பிரிவு, தண்டனையில் பாதி, கால் என்று கணக்குப் போட வேண்டி வந்தால் மட்டும் ஆயுளை 20 ஆண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. நம் மனதில் பதிந்த 14, 20 என்ற இரண்டு எண்களும் இங்கிருந்து வந்தவை.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் பக்கத்திலேயே சுமந்தவர் ஒருவர் உண்டு. அவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908 ஜூலை 7ஆம் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். குற்றச்சாட்டு இரண்டு என்பதால் தண்டனையும் இரண்டு. 124-ஏ பிரிவில் அவர் செய்ததாகச் சொன்ன ராஜ துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஆயுளுக்கு 20 என்ற கணக்கில்தான் அதை 40 ஆண்டு என்று இன்றும் சொல்கிறோம். மேல்முறையீட்டில் அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் அதை வெகுவாகக் குறைத்தது. கோவைச் சிறையில் 1910 கடைசி வரை இருந்தார். அவர் இழுத்த செக்கை அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பிறகு கண்ணனூர்ச் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். முதல் தீர்ப்பே முடிவான தீர்ப்பல்ல என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தீவாந்திரம் போய் 'ஆயுள் சிறை' வந்தது. அடுத்து ஒருவர் 57ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே. சிறையில் கிடைத்த கழிவுகளையும் சேர்த்தால் 20 ஆண்டு முடிந்துவிட்டது, விடுங்கள் என்றார். 1961இல் நீதிமன்றம் மறுத்தது. ஆயுள் என்றால் உயிருள்ள வரைக்கும்தான், 20 என்பது கணக்குக்காக மட்டும் என்றது. ஆனால் 1964இல் அவர் வெளியே வந்தார். விட்டது நீதிமன்றம் அல்ல, அரசாங்கம். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்தது. தண்டனை விதிப்பது நீதிபதி. இடையில் விடுவதா வேண்டாமா என்று பார்ப்பது அரசாங்கம்.

அரசாங்கங்கள் இஷ்டத்துக்கு விடுகின்றன என்று பேச்சு வந்ததும் 1978இல் 433-ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். தூக்குத் தண்டனையும் விதிக்க இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவனை, குறைந்தது 14 ஆண்டு முழுதாகச் சிறையில் இருந்தாலொழிய விடக்கூடாது என்றது அது. கவனியுங்கள். 14 ஆண்டு முடிந்தால் விட வேண்டும் என்று அதில் இல்லை. அதற்கு முன்னால் விடாதே என்றுதான் இருக்கிறது. நாம் வேலியை வாசல் என்று படித்துவிட்டோம். ஆளுநருக்கு அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவு தரும் அதிகாரம் இதற்கு வெளியே நிற்கிறது. 2008இல் அண்ணா பிறந்தநாளையொட்டி, ஏழு ஆண்டு கழித்த ஆயுள் கைதிகள் 1,400 பேருக்கும் மேல் விடுதலையானது நினைவிருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்களுக்கு அந்த எண்ணம் ஊறிப்போனது.

இனி நண்பரின் ஐந்து ஆயுள். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். விக்தர் ஹ்யூகோவின் ழான் வல்ழான் கதையை அங்கே படித்தோம். தமிழில் 'ஏழை படும் பாடு' என்று படமாகவும் வந்தது. ரொட்டி திருடியதற்கு 5 ஆண்டு. தப்பி ஓட முயன்றதற்கு அதன் மேல் 14. ஆக 19 ஆண்டு உள்ளே கிடந்தான். இது ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்கும் தண்டனை. நம் பத்திரிகைகள் 'ஏக காலத்தில்' என்று எழுதுவது வேறு. மூன்று, ஐந்து, ஏழு என்று மூன்று தண்டனை இருந்தாலும் ஏழு வருஷத்தில் எல்லாம் சேர்ந்து முடிந்துவிடும்.

ஆயுள் தண்டனை பலவானால் என்ன செய்வது? 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆயுளை எத்தனை வேண்டுமானாலும் விதிக்கலாம், ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்லக்கூடாது, ஏனென்றால் மனிதனுக்கு உயிர் ஒன்றுதான் என்றார்கள். நம் நண்பர் கேட்ட அதே கேள்விதான்! அப்படியானால் ஐந்து எதற்கு? ஒரே கதவுக்கு ஐந்து பூட்டு மாதிரி. ஒன்றில் சலுகை கிடைத்தாலும் மற்றது தானாகத் திறக்காது. மேல்முறையீட்டில் ஒரு குற்றச்சாட்டு விழுந்தாலும் மற்றவை நிற்கும்.

பொள்ளாச்சித் தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, 2013இல் வந்த திருத்தம், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 20 ஆண்டுக்குக் குறையாத தண்டனை வைத்தது. ஆயுள் விதித்தால் 'எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும்' என்று பொருள் என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 70ஆம் பிரிவில் தொடர்கிறது. மேல்முறையீடும் ஆளுநர், குடியரசுத் தலைவர் அதிகாரமும் இவர்களுக்கும் உண்டு. ஆனால் பதினாலு வருஷத்தில் தானாகக் கதவு திறக்காது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பல வருஷம் முன்பு கோவை பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மகன் ஆயுள் கைதி. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "வர்ற தையோட பதினாலு முடியுதுங்க சாமி. வந்துருவான். பொண்ணு பாக்கோணும்" என்றார். எனக்கும் அன்று அவ்வளவுதான் தெரியும். "வந்துருவானுங்கம்மா" என்று தலையாட்டினேன். விடுதலை கேட்டு மனுப் போட வேண்டும், அரசாங்கம் பரிசீலிக்க வேண்டும், தானாக எதுவும் நடக்காது என்று சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களைப் பார்த்தே குப்பை கொட்டிய குமாஸ்தாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

பதினாலு என்று நாம் சும்மா சொல்லும் சொல், அந்தப் பக்கம் ஒரு தாயை ஏமாற்றுகிறது. இந்தப் பக்கம் புகார் கொடுக்க நினைக்கும் ஒரு பெண்ணை, 'எப்படியும் வந்துருவானுங்க' என்று வீட்டிலேயே உட்கார வைக்கிறது. அதனால் மறுநாள் நடையில் அந்த நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பேச்ச மாத்திக்கோணுமுங்க" என்றார்.