கடல் கடந்த மதராஸ் கைக்குட்டை

மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய கரீபியன் தீவுகளில் பெண்களின் மரபுடை கட்டம் போட்ட பருத்தித் துணி இல்லாமல் நிறைவு பெறாது. ஒரு துணியைத் தலையில் இறுகச் சுற்றி, முடிச்சின் நுனியை நிமிர்த்திவிடுகிறார்கள். இன்னொன்றை முக்கோணமாக மடித்துத் தோளில் போட்டு ஊசி குத்திக்கொள்கிறார்கள். தலைத்துணிக்கு இன்றும் மதராஸ் என்றே பெயர். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள்தாம் அதைக் கொண்டுபோனார்கள் என்று நம்மில் பலர் நம்புகிறோம். காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல். இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் மார்த்தினிக் சேர்ந்தது 1853இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, 1796இல் டொமினிக்காவில் இறந்துபோன ஓவியர் அகொஸ்தினோ புரூனியாஸின் சந்தைக் காட்சிகளில் கறுப்பினப் பெண்கள் தலைத்துணியோடு நிற்கிறார்கள். துணியைக் கொண்டுபோனவர்கள் ஐரோப்பிய வணிகர்கள். பழவேற்காட்டிலும் சென்னையைச் சுற்றிலும் நெய்த கைக்குட்டைத் துணி அவர்கள் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்கும் போனது. இந்தியப் பருத்தித் துணிகளையும் விலையாகக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள்.

அப்படியானால் இது அடிமைத்தனத்தின் அடையாளம்தானே, அதை மரபுடை என்று போற்றலாமா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. 1786இல், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நியூ ஆர்லியன்ஸில், ஆளுநர் எஸ்தபான் மிரோ விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் கூந்தலில் இறகோ நகையோ சூடக் கூடாது, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டுவதே அதன் நோக்கம். பெண்கள் அந்த ஆணைக்குப் பணிந்தபடியே அதைத் தோற்கடித்தார்கள்; இன்னும் பளிச்சென்ற துணியை இன்னும் உயரமாகக் கட்டினார்கள். மார்த்தினிக்கில் தலைத்துணிக்கென ஒரு தொழிலே வளர்ந்தது. மஞ்சள் சாயத்தைப் பிசினில் குழைத்து, துணியின் மஞ்சள் கோடுகள்மேல் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள். நிறம் எடுப்பாகும், துணியும் விறைப்பாகும். கட்டிய வடிவம் கலையாமல் தொப்பிபோலத் தலையில் நிற்கும். நம் தறியில் இருந்து புறப்பட்டபோது அந்தத் துணிக்கு இந்த உருவம் கிடையாது. கட்டும் முறையும் தீட்டும் முறையும் அவர்கள் கண்டவை. தலையில் துணி சுற்றும் பழக்கம் ஆப்பிரிக்காவிலும் இருந்ததுதான்; அந்த நினைவும் இதில் கலந்திருக்கும். ஆணையிட்டவரையோ நெய்தவரையோவிட, அணிந்த பெண்களுக்கே இந்த உடையில் முதல் உரிமை. நம் கைத்தறியின் ஏற்றுமதிப் பெருமையை எழுதுகிறவர்கள், அந்தத் துணிக்கு ஈடாகக் கப்பலேற்றப்பட்ட மனிதர்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.