இன்சைடு பாசேஜ் (பாய்மரப் படகுப் பயணம்)

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்டிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகத் தென்கிழக்கு அலாஸ்கா வரை தீவுகளுக்கு இடையே செல்லும் கடல்வழி. நீளம் ஏறத்தாழ 1,600 கி.மீ. வான்கூவர் தீவு முதலிய தீவுகள் பசிபிக்கின் பேரலைகளைத் தடுத்துவிடுகின்றன. மே முதல் செப்டம்பர் வரை பயணக் காலம்.

இருவர் மட்டும் செல்லும் படகுகளுக்கு, குறிப்பாகத் தம்பதியருக்கு, இவ்வழி ஏற்றது. பெருங்கடலைக் கடப்போர் இரவெல்லாம் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். இங்கே மாலையில் ஒரு குடாவில் நங்கூரமிட்டு இருவருமே உறங்கலாம். பகலில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் மிதந்துவரும் மரத்தடிகளைக் கவனிப்பார். மலைகளுக்கிடையே கோடைக்காற்று பெரும்பாலும் ஓய்ந்தே கிடப்பதால், பாய்மரப் படகு என்ற பெயர் இருந்தாலும் பாதி வேலை எஞ்சினுடையதுதான்.

உண்மையான சோதனை நீரோட்டம். இவ்வழியிலுள்ள சீமோர் நீரிடுக்கில் அது 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகம் வரை பாயும். சிறு படகின் எஞ்சின் வேகமோ ஆறு நாட் அளவே. எனவே ஓதம் திரும்பும் சில நிமிட அமைதிக்குக் காத்திருந்து கடக்கிறார்கள். அங்கே நீருக்கடியில் இருந்து பல கலங்களை உடைத்த ரிப்பிள் பாறையை, கடலடியில் சுரங்கம் குடைந்து 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தனர்.

தீவுகளின் மறைவு இல்லாத இடங்கள் இரண்டு முக்கியமானவை: குயின் சார்லட் சவுண்ட், டிக்சன் நுழைவாய். இவற்றைக் கடக்க நல்ல வானிலைக்காக நாள்கணக்கில் நங்கூரத்தில் கிடப்பதும் வழக்கம்.